ஆல்கஹால் இல்லாத பீரும் லைட் பீரும்: எதில் எது குறைகிறது?

14 ஏப்ரல் 2024 – வாசகர் கேள்வி

"நாற்பதைத் தாண்டிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியிருக்கிறது. பீரை விட மனமில்லை, ஆனால் கலோரியைக் குறைத்தாக வேண்டும். ஆல்கஹால் இல்லாத பீரை ஒருமுறை குடித்துப் பார்த்தேன்; வெறும் மால்ட் தண்ணீர். அமெரிக்காவில் இருந்தபோது குடித்த லைட் பீர்தான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

14 ஏப்ரல் 2024, இரவு

நான் மறுக்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. அரை லிட்டர் பீரில் 5 சதவீதம் ஆல்கஹால் என்றால் அது 25 மில்லி, எடையில் ஏறத்தாழ 20 கிராம். அதிலிருந்து மட்டும் 140 கலோரி வந்துவிடுகிறது. அந்த அரை லிட்டரின் மொத்தக் கலோரி 210-ஐ ஒட்டி இருக்கும். ஆக, மூன்றில் இரண்டு பங்கு கலோரி ஆல்கஹாலிலிருந்தே வருகிறது. பீர் குடித்தால் தொப்பை விழும் என்பதற்குப் பலரும் பார்லியைக் குறை சொல்கிறார்கள். கணக்கோ வேறு திசையைக் காட்டுகிறது.

15 ஏப்ரல் 2024

நேற்றைய கணக்கை உங்கள் லைட் பீருக்கும் போட்டுப் பார்த்தேன். மில்லர் லைட் கேன் 355 மில்லி, ஆல்கஹால் 4.2 சதவீதம், மாவுச்சத்து 3.2 கிராம், மொத்தம் 96 கலோரி. ஆல்கஹால் எடையில் ஏறத்தாழ 12 கிராம் வருகிறது, அதாவது 80 கலோரிக்குச் சற்று மேல். மாவுச்சத்திலிருந்து வருவது 13 கலோரிதான். லைட் பீர் என்பது மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் கழித்துவிட்டு ஆல்கஹாலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்த பீர்.

இதை அரை லிட்டர் அளவுக்கு மாற்றினால் 135 கலோரி. ஜெர்மனியில் எந்தக் கடையிலும் கிடைக்கிற எர்டிங்கர் ஆல்கஹால் இல்லாத கோதுமை பீரில் 100 மில்லிக்கு 25 கலோரி, அரை லிட்டருக்கு 125. இரண்டும் ஏறக்குறைய சமம். உங்கள் மருத்துவர் கவலைப்படுவது டிரைகிளிசரைடைப் பற்றி என்றால், ஆல்கஹாலே அதை ஏற்றக்கூடியது என்பதை அவர் சொல்லியிருப்பார். சம கலோரியில் ஒன்றில் ஆல்கஹால் இருக்கிறது, மற்றொன்றில் ஏறக்குறைய இல்லை.

20 ஏப்ரல் 2024

லைட் பீர் எப்படிப் பிறந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

சாதாரணப் பீரில் ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்பதில்லை. டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீளமான சங்கிலிகளை அதனால் உடைக்க முடியாது. அவை மிஞ்சி நின்று பீருக்கு ஒரு திண்மையையும் நாவில் ஒரு கனத்தையும் தருகின்றன. நியூயார்க்கின் ரைன்கோல்டு மதுவாலையில் இருந்த ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர், அந்தச் சங்கிலிகளையும் உடைக்கிற ஒரு நொதியைச் சேர்த்து ஈஸ்டுக்கு மிச்சமில்லாமல் ஊட்டினார். 1967-இல் 'காப்ளிங்கர்ஸ் டயட் பீர்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து, எடுபடாமல் போனது. பின்னர் அதே வழிமுறை சிகாகோவின் மைஸ்டர் பிராவ் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து மில்லர் கைக்கு வந்து, 1975-இல் மில்லர் லைட்டாக அமெரிக்கா முழுவதும் இறங்கியது. இம்முறை 'டயட்' என்ற சொல்லை விட்டுவிட்டு விளையாட்டு வீரர்களைக் கொண்டு விளம்பரம் செய்தார்கள். அதன்பின் 1982-இல் பட் லைட், 2002-இல் மிக்கலோப் அல்ட்ரா.

ஜெர்மனியிலும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருந்தார்: டயட் பில்ஸ். நீரிழிவுக்காரர்களுக்கென்று மாவுச்சத்தை ஒட்டத் தின்னவைத்துத் தயாரித்த, மிகவும் வறண்ட சுவையுள்ள பீர். நீரிழிவுக்காரர்களுக்கெனத் தனி உணவு தேவையில்லை என்று இங்குள்ள சட்டம் 2010-இல் திருத்தப்பட்ட பிறகு அந்த வகைப் பெயர்கள் கடை அலமாரிகளிலிருந்து மறைந்தன. சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆல்கஹால் நிறைந்த ஒன்றை நோயாளிக்கு உகந்தது என்று விற்றது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது.

28 ஏப்ரல் 2024

இப்போது 'மால்ட் தண்ணீர்' என்ற புகாருக்கு வருகிறேன். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். இதில் உண்மை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

ஆல்கஹால் இல்லாத பீரை இரண்டு வழிகளில் செய்கிறார்கள். ஒன்று, நொதித்தலைத் தொடங்கிவிட்டுச் சீக்கிரமே நிறுத்திவிடுவது, அல்லது மால்ட் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்ட் வகையைப் போடுவது. ஆல்கஹால் அதிகம் உண்டாவதில்லை. ஆனால் மால்ட் சாற்றின் வாசனை அப்படியே நின்றுவிடுகிறது. முழு நொதித்தலில் ஈஸ்ட் அந்த வாசனைக்குக் காரணமான ஆல்டிஹைடுகளை வேறு பொருள்களாக மாற்றிவிடும். பாதியில் நிறுத்தினால் அது நடப்பதில்லை. அதனால்தான் சில பாட்டில்களைத் திறந்தவுடன் ஆறிப்போன ஹார்லிக்ஸ் வாசம் வருகிறது. நீங்கள் குடித்தது அப்படி ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, முழுமையாகப் பீர் செய்துவிட்டு ஆல்கஹாலை வெளியே எடுப்பது. சாதாரண அழுத்தத்தில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் பீர் வெந்துவிடும். எனவே அழுத்தத்தைக் குறைத்து 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஆவியாக்குகிறார்கள். ஆர்.ஓ. சவ்வு வழியாகப் பிரிப்பதும் உண்டு. இந்த வழியில் ஹார்லிக்ஸ் வாசம் இராது. ஆனால் ஆல்கஹாலோடு பழ வாசனை தரும் எஸ்டர்களும் பறந்துவிடும். மிஞ்சுவது சுத்தமானதாகவும், சற்றே வெறுமையாகவும் இருக்கும். இப்போது பல மதுவாலைகள் இரண்டு வழியையும் கலந்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடுகின்றன.

மேற்கு ஜெர்மனியில் இந்தச் சந்தையைத் திறந்துவிட்டது ஃபிராங்க்ஃபர்ட்டின் பிண்டிங் மதுவாலை 1979-இல் கொண்டுவந்த கிளவுஸ்தாலர். அதற்கு முன்பே, 1972-இல், கிழக்கு ஜெர்மனியில் 'ஆவ்பி' என்ற பெயரில் வாகன ஓட்டிகளுக்கென்று ஒரு பீர் வந்துவிட்டது.

5 மே 2024

எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு என் விடை: வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பீரின் சுவை ஆல்கஹாலை அதிகம் சார்ந்திருக்கவில்லையோ, அந்த வகை அதை இழந்தும் நிற்கும். என் நாவின் தீர்ப்பில் முதலிடம் கோதுமை பீருக்குத்தான். வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் அதன் ஈஸ்டிலிருந்து வருகின்றன. கோதுமையின் புரதம் நுரையையும் கனத்தையும் தருகிறது. அந்த வாசனைகளில் கொஞ்சம் மிஞ்சினாலும் நாக்கு அதைப் பீர் என்று ஒப்புக்கொள்கிறது. பில்ஸ் என்ற கசப்பான வெளிர் பீர் அப்படியல்ல. அதில் கசப்பையும் வறட்சியையும் தவிர மறைந்துகொள்ள இடமே இல்லை.

ஊற்றுகிற முறையும் முக்கியம். நேற்று மாலை வீட்டுப் பால்கனியில் ஷ்னைடர் நிறுவனத்தின் ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் பாட்டிலைத் திறந்தேன். உயரமான கோதுமை பீர் கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் அப்படியே சாய்த்துப் பிடித்து, பாட்டிலின் வாய் கிளாஸின் உள்சுவரைத் தொடும்படி மெல்ல ஊற்ற வேண்டும். ஈரம் இல்லாத கிளாஸ் என்றால் நுரை பொங்கி மேசைக்கு வந்துவிடும். அடியில் இரண்டு விரற்கடை அளவு மிஞ்சும்போது நிறுத்தி, பாட்டிலைக் கையில் வைத்து வட்டமாகச் சுழற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கி எழும். அந்தக் கடைசிப் பகுதியை நடுவில் நேராக ஊற்றியதும், அதுவரை தெளிந்த செம்பழுப்பாக இருந்தது மங்கிக் கலங்கலாகிறது; மேலே கெட்டியான வெண்ணுரை நிற்கிறது. ஆல்கஹால் இல்லாத பீரில் இந்த ஈஸ்ட்தான் வாயில் ஒரு கனத்தைத் தருகிறது. அதைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டுக் குடிப்பவர் பாதிச் சுவையை இழக்கிறார்.

6 மே 2024

கிளாஸ் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எந்தப் பெரிய கண்ணாடி டம்ளரும் போதும், பாத்திர சோப்பின் வழவழப்பு இல்லாதவரை. சோப்பு நுரையைக் கொன்றுவிடும். பாட்டிலோடு வாயில் வைத்துக் குடிப்பதை மட்டும் தவிருங்கள். வாசனையே பெரும்பகுதிச் சுவை, அது மூக்குக்கு எட்ட வேண்டும்.

2 ஜூன் 2024

பில்ஸைப் பற்றி எழுதியதைத் திருத்தி எழுத வேண்டாம், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மியூனிக்கின் ஆகுஸ்டினர் மதுவாலை பல்லாண்டுகளாக ஆல்கஹால் இல்லாத பீர் எதுவும் செய்யாமல் இருந்தது. இந்த ஆண்டுதான் ஆல்கஹால் இல்லாத ஹெல்லஸைக் கொண்டுவந்திருக்கிறது. நியூரம்பெர்கில் எங்கள் தெருமுனைப் பானக்கடையில் பாட்டிலைப் பார்த்ததும் வாங்கினேன். ஹெல்லஸ் என்பது பில்ஸைவிடக் கசப்புக் குறைந்த, மால்ட் இனிப்பு மிகுந்த வெளிர் பீர். அதனால் அதன் ஆல்கஹால் இல்லாத வடிவத்தில் மிஞ்சும் இனிப்பு அந்நியமாகத் தெரிவதில்லை. முதல் வாய் அசல் ஹெல்லஸுக்கு மிக அருகில் இருந்தது. அரைக் கிளாஸுக்குப் பிறகு, குளிர் இறங்க இறங்க, இனிப்பு தலைகாட்டியது. ஆல்கஹால் இல்லாத வெளிர் பீரைச் சிறிய கிளாஸில், குளிர் தணிவதற்குள் குடித்து முடிப்பதே நல்லது. கோதுமை பீருக்கு அந்த அவசரம் இல்லை.

ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்து யெவர் ஃபன் என்ற ஆல்கஹால் இல்லாத பில்ஸ் இதற்கு நேரெதிர். இனிப்பைக் கசப்பால் அடக்க முயல்கிறது. கசப்பை விரும்புகிறவர்கள் கட்டாயம் குடித்துப் பாருங்கள். என் மனைவிக்கு ஹெல்லஸைவிட இதுதான் பிடித்தது.

13 ஜூலை 2024

"ஆல்கஹால் இல்லை என்று எழுதிவிட்டுப் பின்பக்கம் 0.5 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

கோபம் நியாயமானது; நிலைமையை விளக்குகிறேன். ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை இருந்தால் ஆல்கஹால் இல்லாதது என்று விற்கலாம். பிரிட்டனில் அங்கேயே தயாராகும் பீர் அப்பெயரைத் தாங்க 0.05 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழிகாட்டல். 0.5 சதவீதம் உள்ள அரை லிட்டரில் ஆல்கஹால் இரண்டே கிராம். பழச்சாறுகளிலும் ரொட்டியிலும் இயல்பாகவே சிறிதளவு ஆல்கஹால் உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்கு இதனால் போதை ஏற வழியில்லை. ஆனால் மத நம்பிக்கையால் ஒரு துளியும் கூடாது என்பவர்களும், கர்ப்பிணிகளும் 0.0 என்று அச்சிட்ட பாட்டில்களையே தேட வேண்டும். பிட்பர்கர், குரோம்பாகர், ஹைனிகன் ஆகியவற்றில் அவை கிடைக்கின்றன. ஹைனிகன் 0.0 பாட்டில் 330 மில்லி, 69 கலோரி.

இந்தச் சட்டங்களில் என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீர்களுக்கு ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமில்லை. ஆல்கஹால் இல்லாத பாட்டிலோ சர்க்கரை, மாவுச்சத்து, கலோரி எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு, சர்க்கரை கிராம் கணக்கோடு அச்சிட்ட பாட்டில் ஆபத்தானதாகவும், எதுவும் அச்சிடாத பாட்டில் குற்றமற்றதாகவும் தோன்றுகிறது. சில மதுவாலைகள் தாமாக முன்வந்து கலோரியைப் போடுகின்றன. அது எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

14 ஜூலை 2024

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு, நேற்றே எழுதியிருக்க வேண்டியது. ஆல்கஹால் இல்லாத பீரில் மிஞ்சும் சர்க்கரையில் பெரும்பகுதி மால்ட்டோஸ். அது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கோதுமை வகையிலும், எலுமிச்சைப் பானம் கலந்த ராட்லர் வகையிலும் இது கூடுதல். பாட்டிலின் அட்டவணையில் 'இதில் சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். மால்ட்ஸ்பியர் என்று அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும் கரும் பானத்தை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குழந்தைகளுக்கும் கொடுக்கிற இனிப்புப் பானம்.

10 ஆகஸ்ட் 2024

மியூனிக் ரயில் நிலையத்துக்கு அருகே 'டீ நுல்' என்ற பெயரில் ஆல்கஹால் இல்லாத பீர் தோட்டம் திறந்திருக்கிறார்களே, போனீர்களா என்று கேட்கிறார்கள். இன்னும் போகவில்லை. வேறொரு ஊரில் வேறொரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீப்பாயிலிருந்து ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் வாயிலேயே புளிப்பு, கூடவே வெண்ணெய் வாடை. பரிமாறிய பெண்மணியிடம் சொன்னதும் மறுபேச்சின்றிப் பாட்டில் ஒன்றைத் திறந்து கொடுத்தார். அது நன்றாகவே இருந்தது.

காரணம் எளிது. ஆல்கஹால் ஒரு காவல். அது இல்லாத இடத்தில் மிஞ்சிய சர்க்கரை கிருமிகளுக்கு உணவாகிறது. குழாய்கள் நன்றாகக் கழுவப்படாமலோ, பீப்பாய் நாள்கணக்கில் தீராமலோ இருந்தால் கெட்டுவிடும். பாட்டில்களைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கியே அனுப்புகிறார்கள். ஆகவே, நிறையப் பேர் கேட்டு வாங்கிக் குடிக்கிற இடமாக இருந்தாலன்றி, பீப்பாயைவிடப் பாட்டிலையே கேளுங்கள்.

24 ஆகஸ்ட் 2024

ஆல்கஹாலை அடியோடு விடாமல் பாதியாகக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு ஜெர்மனியில் பழைய வழிகள் உண்டு; அவற்றை யாரும் கேட்கவில்லை, எனவே நானே எழுதுகிறேன்.

'லைஹ்ட்' என்று முத்திரையிட்ட கோதுமை பீர்களில் ஆல்கஹால் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும்: எர்டிங்கரில் 2.9, ஷ்னைடரில் 3.3. அமெரிக்க லைட் போலல்லாமல் இவற்றில் ஆல்கஹாலே குறைக்கப்படுகிறது, மாவுச்சத்து இருக்கிறது. அதனால் சுவையும் இருக்கிறது. பெர்லினர் வைஸ்ஸே என்ற புளிப்பான கோதுமை பீரும் 3 சதவீத அளவே. லாக்டிக் அமிலப் புளிப்பு ஆல்கஹாலின் குறையைத் தெரியவிடுவதில்லை. பெர்லினில் பச்சை, சிவப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். கலோரி பார்ப்பவர் பாகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கோல்ன் நகரத்துக் கோல்ஷ் 0.2 லிட்டர் கிளாஸில் வரும். ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம் என்றாலும் ஒரு கிளாஸில் கலோரி நூறைத் தாண்டாது. கவனிக்க வேண்டியது, கிளாஸ் காலியானதும் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிடுவார்கள். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடி வைக்க வேண்டும். இந்த வழக்கம் அறியாத விருந்தினர்கள் அளவு தெரியாமல் குடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

8 செப்டம்பர் 2024

நேற்று பாம்பெர்க் போய்வந்தேன். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். தோமினிக்கானர் தெருவில் உள்ள ஷ்லெங்கர்லா மதுவாலையின் புகைப்பீரை முன்பும் குடித்திருக்கிறேன். இம்முறை தேடிப் போனது அவர்களுடைய ஹான்ஸ்லாவை. ஆல்கஹால் 0.9 சதவீதம்தான். சட்டப்படி இதை ஆல்கஹால் இல்லாதது என்று சொல்ல முடியாது, சாதாரணப் பீர் என்றும் சொல்ல மனம் வராது. பழைய நாள்களில் மால்ட்டை மறுபடி கழுவியெடுத்த மெல்லிய சாற்றில் வீட்டுத் தேவைக்கென்று எளிய பீர் செய்வார்கள். அந்த மரபில் வந்தது இது.

நிறம் அடர் பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனதும் பீச் (beech) மர விறகில் உலர்த்திய மால்ட்டின் புகை வாசம் முழு வீச்சில் வருகிறது. முதல் முறை குடிப்பவர் புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சி என்றே நினைப்பார். வாயில் மெல்லியதாக இருந்தாலும் விழுங்கிய பின் புகை நெடுநேரம் நிற்கிறது. அந்தப் புகை நிற்கிற வரை எனக்கு ஆல்கஹாலின் நினைவே வரவில்லை. மே மாதம் நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது: ஆல்கஹாலைச் சாராத ஒரு வலுவான குணம் பீருக்கு இருந்தால், குறைத்தாலும் அது தாங்கும். பக்கத்து மேசைக்காரர் அவர்களுடைய வழக்கமான புகைப்பீரான மெர்ட்ஸன் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கிளாஸில்தான் புகைப்பீர் பிடிபடும் என்று இவ்வூரார் எல்லோரும் சொல்வதை அவரும் சொன்னார். ஹான்ஸ்லாவில் மூன்று கிளாஸ் குடித்தாலும் நிதானமாக ரயில் ஏறலாம்.

29 செப்டம்பர் 2024

இன்று பெர்லின் மாரத்தான். ஓட்டம் முடிந்தவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் கொடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர், இது விளம்பரமா, விஞ்ஞானமா என்று கேட்கிறார்.

இரண்டும் கலந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2009 மியூனிக் மாரத்தானில் 277 ஆண் ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஓட்டத்துக்கு முன் மூன்று வாரமும் பின் இரண்டு வாரமும் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1 முதல் 1.5 லிட்டர் வரை ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் கொடுத்தார்கள். மறு பிரிவினருக்குப் பாலிஃபீனால் என்ற தாவரப் பொருளை நீக்கிய ஒத்த பானம். பீர் குடித்தவர்களுக்கு ஓட்டத்துக்குப் பின் சளி, தொண்டைத் தொற்று குறைவாக வந்தது. ஆய்வுக்குப் பண உதவி செய்தது எர்டிங்கர் நிறுவனம். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாரத்தான் ஓடாதவர் நாளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் 375 கலோரி உடம்பில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

வியர்த்து முடித்த ஒருவருக்கு நீரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்து போகிற, ரத்தத்தின் அடர்த்தியை ஒத்த ஒரு பானம் என்ற அளவில் அது நல்லதே. நானும் ஞாயிறு ஓட்டத்துக்குப் பின் அதைத்தான் குடிக்கிறேன்.

19 அக்டோபர் 2024

ஒரு நண்பர் தனிமடலில் கேட்டதை, அவர் அனுமதியோடு, பெயரின்றி இங்கே எழுதுகிறேன். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவந்தவர் ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

நான் மருத்துவன் அல்லன். இருந்தாலும், இந்தப் பக்கத்தில் ஆல்கஹால் இல்லாத பீரைப் புகழ்ந்து இவ்வளவு எழுதிவிட்டு இதில் மௌனமாக இருப்பது முறையல்ல. ஆபத்து அந்த அரை சதவீதத்தில் மட்டும் இல்லை. கிளாஸ், நுரை, கசப்பு, மாலை நேரம், உடன் இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து பழைய ஏக்கத்தைத் தூண்டிவிடக்கூடும். 0.0 பாட்டிலுக்கும் இது பொருந்தும். உங்களைக் கவனித்துவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். உங்களுக்கு ஊற்றிக் கொடுக்கிற நண்பரும் இதை அறிந்திருக்க வேண்டும். "இதில்தான் ஒன்றும் இல்லையே" என்று வற்புறுத்துவது தவறு.

9 நவம்பர் 2024

சென்னையிலிருந்து: "நீங்கள் சொல்லும் எதுவும் இங்கே கிடைக்காது. ஹைனிகன் 0.0, பட்வைசர் 0.0 இரண்டும் சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கின்றன. டாஸ்மாக் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. எது மேல்?"

இரண்டுமே வெளிர் லாகர் வகை, அதாவது மறைந்துகொள்ள இடமில்லாத வகை. எனவே நான் ஜூன் மாதம் எழுதியதையே பின்பற்றுங்கள்: நன்றாகக் குளிரவைத்து, சிறிய கிளாஸில், விரைவாக. இரண்டில் ஹைனிகனில் எனக்குப் பழ வாசம் கூடுதலாகத் தெரிகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: பச்சைப் பாட்டில் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. கடைக் கண்ணாடி அலமாரியில் வெயிலோ குழல்விளக்கு வெளிச்சமோ பட்டு நின்ற பாட்டிலில் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் வரும். கேனாகக் கிடைத்தால் கேனை வாங்குங்கள். கார சாப்பாட்டோடு, குறிப்பாக மிளகு வறுவலோடு, அந்த மிஞ்சிய இனிப்பு நன்றாகவே ஒத்துப்போகும்.

15 டிசம்பர் 2024

அயர்லாந்தின் கின்னஸ் பீர் கருப்பாக, கனமாக இருப்பதால் கலோரி கூடுதல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 4.2 சதவீத கின்னஸ் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, ஏறத்தாழ 210 கலோரி. ஜெர்மானிய ஹெல்லஸின் அரை லிட்டரில் இருப்பதும் அதுதான். கருமை வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. கனம் என்று நாம் நினைப்பது நைட்ரஜன் வாயுவின் நுண்ணிய நுரை.

இதே காரணத்தால்தான் கின்னஸ் 0.0 வெற்றி பெற்றிருக்கிறது. 2020 அக்டோபரில் வெளியிட்டு, கிருமித் தொற்று ஐயத்தால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்று, 2021-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 100 மில்லிக்கு 17 கலோரி. இங்குள்ள ஐரிஷ் பப்பில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்த என் நண்பர், முதல் சில வாய்களில் எது எது என்று சொல்லத் தடுமாறினார். எனக்கும் வறுத்த கசப்பு, நுரை இரண்டிலும் வேறுபாடு தெரியவில்லை. விழுங்கிய பின் தொண்டையில் இருக்க வேண்டிய மெல்லிய சூடு மட்டும் இல்லை. இதுவரை குடித்தவற்றில் கலோரி, ஆல்கஹால், சுவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கே முதலிடம் தருவேன். மே மாதம் கோதுமை பீருக்கு முதலிடம் தந்திருந்தேன், அது தாகத்துக்கு. இது நிதானமாக உட்கார்ந்து குடிக்க.

11 ஜனவரி 2025

முதல் கேள்வி கேட்ட நண்பர் அடுத்த மாதம் வேலை நிமித்தம் ஃபிராங்க்ஃபர்ட் வருகிறாராம். எதை வாங்குவது என்று கேட்கிறார். இங்கே பானக்கடைகளில் கிரேட்டாக மட்டுமின்றிப் பாட்டில் பாட்டிலாகவும் பொறுக்கி எடுக்கலாம். ஷ்னைடர் அல்லது வைஹென்ஸ்டெஃபான் ஆல்கஹால் இல்லாத கோதுமை பீரில் தொடங்குங்கள். அடுத்து யெவர் ஃபன். ஹாப்ஸ் வாசம் பிடித்தவர் என்றால் ஸ்டிராள்சுண்டின் ஸ்டோர்டெபெக்கர் மதுவாலையின் ஆல்கஹால் இல்லாத அட்லாண்டிக் ஏல். நொதித்தல் முடிந்த பிறகு ஹாப்ஸைச் சேர்த்து ஊறவைப்பதால் சிட்ரஸ் பழ வாசம் நன்றாக நிற்கிறது. ஊர்ப் பெருமைக்காகக் கிளவுஸ்தாலரும் ஒன்று எடுங்கள், கடைசியாகக் குடியுங்கள். வாரநாளில் ஆல்கஹாலோடு ஒன்று வேண்டுமானால் லைஹ்ட் கோதுமை பீர் போதும். வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள், நாள் அதிகம் மீதமுள்ளதை எடுங்கள். காலிப் பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். சாதாரணப் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள், கடை இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும்.